வெயில் ஏறுமுன் நடை: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

மார்ச் 17, திங்கள் – காரைக்குடி

அக்காவுக்கு வயது 73, எனக்கு 67. அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. எனக்கு இரத்த அழுத்தத்தோடு இடது முழங்காலில் தேய்மானமும் இருக்கிறது. பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால், இந்தக் குறிப்புகளில் மாளிகைகளையும் கோபுரங்களையும்விட உடம்பைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் ஏறி இறங்கும் முதியவர்களின் கால்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

சென்னையிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தே வந்தோம். காலில் இறங்கும் இரத்தத்தை மேலே தள்ளும் வேலையின் பெரும்பகுதியைக் கெண்டைக்கால் தசைதான் செய்கிறது. அது அசையாமல் இருந்தால் முதலில் பாதம் வீங்கும், சிலருக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகவும் ஆகும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துவதும், விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துவதுமாக இருவரும் இருக்கையிலேயே பயிற்சி செய்தோம். விழுப்புரத்திலும் திருச்சியிலும் வண்டி நின்றபோது எழுந்து நின்றோம். எதிரே இருந்த கல்லூரிப் பெண்கள் முதலில் வியந்து பார்த்தார்கள்; விருத்தாசலம் தாண்டியதும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. வண்டியில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அக்கா வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொண்டார். நம் பெண்கள் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடுகிறது. அதோடு இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையும் சேர்ந்தால், உடம்பில் நீர் குறைந்திருப்பதே தெரியாமல் எழுந்து நின்றவுடன் தலை சுற்றும், சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும். கழிப்பறை அசுத்தமாக இருப்பது இரயில்வேயின் குறை. அதற்குத் தண்டனையாக நம் சிறுநீரகத்தை ஏன் வாட்ட வேண்டும்? ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சோப்புத் தாள் பொதி, கைப்பிடியைத் துடைக்க ஒரு துணி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போய்க் கதவருகே நின்றேன். அதன் பிறகு அக்கா ஒழுங்காகத் தண்ணீர் குடித்தார். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

காரைக்குடியில் இறங்கியபோது இரவு பத்து மணியாகியிருந்தது. தரைத்தளத்தில் அறை தருவதாகத் தொலைபேசியில் உறுதி சொன்ன விடுதி, இரண்டாம் மாடி அறையின் சாவியை நீட்டியது. மின்தூக்கி பழுது. மாடிப்படிகளோ ஒன்று உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தன; திருப்பத்தில் விளக்கும் இல்லை. வாடகை 1,800 ரூபாய். அந்த நேரத்தில் வேறு இடம் தேட வழியில்லாததால், அக்காவை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறச் சொல்லி, பின்னால் நான் வந்தேன். பெட்டிகளைத் தூக்கி வந்த பையன், "பாட்டி, காலையில எறங்கும்போது என்னக் கூப்பிடுங்க, நான் முன்னால வாரேன்" என்றான். அவனுக்குத் தெரிந்தது விடுதிக்காரருக்குத் தெரியவில்லை. ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தோம்.

மார்ச் 18, செவ்வாய் – காரைக்குடி, கானாடுகாத்தான்

காலை ஐந்தே முக்காலுக்குக் கல்லூரிச் சாலையில் இருந்தோம். நாட்டுக்கு விடுதலை கிடைத்த 1947-ஆம் ஆண்டிலேயே அழகப்பச் செட்டியார் இந்த ஊரில் கல்லூரி தொடங்கினார். 1985-இல் அவர் பெயரால் பல்கலைக்கழகமும் வந்தது. அந்தச் சாலையின் காலை நேரத்தை நடக்கிறவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வயதையொத்தவர்கள் பலர் கான்வாஸ் காலணியோடு எதிர்ப்பட்டார்கள். வெளியூர் முகம் என்று கண்டுகொண்ட ஒரு பெரியவர் தானாகவே நின்று, "அந்தப் பக்கம் நடைமேடை பேந்து கெடக்கு, இந்தப் பக்கமே போங்கம்மா" என்று கைகாட்டிவிட்டு, எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் நடையைத் தொடர்ந்தார்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பதும், அதில் மூன்று நாளாவது கால் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி இருக்க வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பயணம் என்றால் அந்தக் கணக்குக்கு விடுமுறை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பழகாத தரையில் நடக்கும்போதுதான் அந்தப் பயிற்சி கைகொடுக்கிறது. ஒரு சிமெண்டு இருக்கையில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தோம். பிறகு மரத்தை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்றோம். பேச்சு மூச்சு வாங்காமல் வந்தால் நடை மெதுவானது, பேசவே முடியாவிட்டால் மிகை. இடையில் இருப்பதுதான் எங்களுக்குரிய வேகம். ஏழு மணிக்கெல்லாம் முதுகில் வெயில் சுட்டது. இளநீர் 50 ரூபாய் என்றார்கள். அக்கா வழுக்கையை மட்டும் தின்று நீரை எனக்குத் தந்தார்.

விடுதியை விட்டுக் கானாடுகாத்தானுக்கு மாறினோம். விருந்தினருக்கு அறைகள் விடும் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டியே எங்களுக்கு அறை கிடைத்தது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பு, திண்ணை, வானம் தெரியும் முற்றத்தோடு வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்குத் தூண்களையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் கண்ணாடியாய் மின்னும் சுவர்களையும் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். வயதானவர்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் ஒரு நிலைப்படி உயர்ந்து நிற்கிறது. ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு படியிலும் தரையிலும் ஒன்றாகவே ஓடுவதால், எங்கே தரை முடிந்து எங்கே படி தொடங்குகிறது என்பது கண்புரை தொடங்கிய கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்துப் போடும் இரட்டைக் கண்ணாடி அணிந்திருந்தால் இன்னும் மோசம். கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகத் தூரத்துக்கானது, ஆகவே குனிந்து பார்த்தால் படி கலங்கித்தான் தெரியும். அக்காவை ஒவ்வொரு நிலையிலும் நிற்கவைத்து, கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே நன்றாகக் குனிந்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழக்கினேன்.

சமையல் பார்க்கும் அம்மாவுக்கு அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். "ஆச்சி, ராத்திரி எழுந்திரிச்சா வெளக்கப் போட்டுக்கிட்டு வாங்க. தரை நனஞ்சிருந்தா வழுக்கும்" என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் ரப்பர் விரிப்பும் கேட்டோம். பத்து நிமிடத்தில் வந்தன. நடுஇரவில் எழுந்தவுடன் நடக்காமல், கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுவது எங்கள் இருவருக்கும் வழக்கம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருளும். புதிய இடத்தில் அந்த ஒரு நொடி போதும் இடுப்பெலும்பு முறிய.

இரவு உணவு ஏழரை மணிக்கே கிடைத்தது. இடியாப்பமும், சுட்ட கத்தரிக்காயை மசித்துச் செய்த கோசமல்லியும். உண்டபின் வளவைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்தில் கால்மணி நேரம் நடந்தோம். இந்த நடையைத்தான் நான் இந்த ஊரில் எதிர்பார்க்கவே இல்லை: கூரைக்குக் கீழே, சமதரையில், வண்டி வாகனத் தொல்லை இல்லாமல், கை எட்டும் தூரத்தில் தூண்களோடு நடப்பதற்கு ஒரு சுற்றுப்பாதை. உணவுக்குப் பிந்தைய சிறு நடை சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. அதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடத்தை எந்த நட்சத்திர விடுதியும் தர முடியாது.

மார்ச் 19, புதன் – பிள்ளையார்பட்டி, குன்றக்குடி

வாடகைக் காருக்கு அரை நாளுக்கு 1,600 ரூபாய். ஏழு மணிக்குமுன் புறப்பட்டோம்.

பிள்ளையார்பட்டியில் குடைவரைக்குள் மலையிலேயே செதுக்கப்பட்ட கற்பக விநாயகரைக் கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிட்டோம். ஆறடி உயரம், இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. உள்ளே கல் குளிர்ச்சியாக இருந்தது. வெளிப் பிராகாரத்துக் கல் ஒன்பது மணிக்கே சூடேறத் தொடங்கியிருந்தது. அக்காவுக்குப் பாதத்தில் உணர்ச்சி சற்றுக் குறைவு. சர்க்கரை நோய் நரம்பைத் தொட்டவர்களுக்கு வெறுங்காலில் சூட்டுக்கல்லை மிதித்தால் சுடுவதே தெரியாது. மாலையில் கொப்புளம் கண்டபிறகுதான் தெரியும். அதனால் தடித்த பருத்திக் காலுறையை அணிந்துகொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசைக் கூடையோடு வந்த ஒரு வயதான அம்மா மட்டும் அந்தக் காலுறை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

குன்றக்குடி மலை பெரியதில்லை என்றாலும் முழங்கால் தேய்ந்தவர்களுக்குச் சிறு குன்றும் கணக்குத்தான். ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே மூட்டை அதிகம் அழுத்துவதால், இறக்கத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் திரும்பி இறங்கினேன். மேலே ஆறுமுகங்களோடு மயில்மேல் அமர்ந்த சண்முகநாதர். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகும் மரபு இந்த மலையடியையும் தொட்டுத்தான் செல்கிறது. அந்தக் கூட்டத்தில் எழுபதைத் தாண்டியவர்களும் நடக்கிறார்கள். விடியுமுன் நடை, வெயிலில் ஓய்வு, மாலையில் மறுபடி நடை என்பது அவர்கள் வழக்கம் என்று காவடிக்குப் போய்வந்த கார் ஓட்டுநரே சொன்னார்.

இறங்கி வந்து பார்த்தால் காரின் பின்சக்கரம் காற்றிறங்கிக் கிடந்தது. மாற்றுச் சக்கரமும் பழுது. ஓட்டுநர் ஆட்டோவில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்குக் கானாடுகாத்தானில் இருக்க வேண்டிய நாங்கள் ஒன்றேகால் மணிக்கும் அடிவாரத்தில் இருந்தோம். நடை சாத்தியிருந்தார்கள். பக்கத்து உணவுக்கடையில் சோறு இன்னும் வடிக்கவில்லை என்றார்கள். நான் பிஸ்கட்டை எடுத்து நீட்டியபோது அக்கா, "இப்ப சாப்பாடு வந்துரும், வேண்டாம்" என்று இரண்டாவது முறையாக மறுத்தார். அந்தக் குரலில் ஒரு எரிச்சல் இருந்தது. அக்கா எரிந்து விழுகிறவர் அல்லர். முகத்தைப் பார்த்தேன், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, காற்றோ நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. கைப்பையின் கொக்கியைத் திறக்க விரல்கள் தடுமாறின.

விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன்: 58.

எழுபதுக்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. பையில் குளுக்கோஸ் பொடி இருந்தது. மூன்று தேக்கரண்டி, ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். இனிப்புத்தானே என்று லட்டையோ சாக்லெட்டையோ கொடுப்பது சரியில்லை. நெய்யும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும். மயங்கி விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்கோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நான் கேட்காமலேயே தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அக்காவின் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "எங்க ஆத்தாவுக்கும் இப்புடித்தான் வரும். பயப்படாதீங்க ஆச்சி" என்றார். கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன்: 86. அக்கா அந்தப் பெண்ணிடம் பூ என்ன விலை என்று கேட்டார். எனக்கு மூச்சு வந்தது. முக்காலிக்கும் தண்ணீருக்கும் பணம் வாங்கவே மறுத்த அவரிடம் நான்கு முழம் மல்லிகையை 120 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்குள் கடையில் சோறும் வந்துவிட்டது. குளுக்கோஸ் குடித்துத் தேறியதும் முழு உணவு சாப்பிடாவிட்டால் மறுபடி இறங்கிவிடும்.

காலை உணவுக்குமுன் போடும் கிளிமிபிரைடு மாத்திரை சர்க்கரையை இறக்கும் வேலையை நேரப்படி செய்யும். சக்கரம் பழுதாயிற்று என்று அது காத்திருக்காது. அதோடு மலையேறிய உழைப்பும் சேர்ந்துவிட்டது. அட்டெனலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோய் வியர்வை மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதையும் கூடவே போகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மருந்துப் பெட்டி காரின் டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டுநர் வருந்தி வருந்திப் பேசினார். அவர்மேல் பிழையில்லை. மருந்தும் மானியும் குளுக்கோஸும் தோளில் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன் – கானாடுகாத்தான்

காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு, பழம்பொருள் கடைகள், கண்டாங்கிச் சேலை நெய்யும் இடம் என்று இன்றைக்குப் போட்டிருந்த பட்டியலை மொத்தமாக விட்டுவிட்டோம். அக்கா இரவு நன்றாகத் தூங்கவில்லை. அரைநாள் இடமும் அரைநாள் ஓய்வும் என்று பிரித்துக்கொண்டால்தான் எங்கள் வயதில் பயணம் பயணமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இளையவர்கள் போடும் பட்டியலை முதியவர்களின் உடம்பின்மேல் ஏற்றுவது அன்பே ஆனாலும் கொடுமை.

காலையில் ஊருணிக் கரையோரம் மட்டும் மெதுவாக நடந்தோம். திரும்பி வந்து, வழக்கம்போல் அக்காவின் பாதங்களைப் பார்த்தேன். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்ப்பது அவருக்கு இயலாது. நான் கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பேன். இடது குதிகாலின் ஓரத்தில், மிளகளவுகூட இல்லாத ஒரு கருப்புப் புள்ளி. அழுக்கென்று துடைத்தேன், போகவில்லை. சீமைக்கருவேல முள்ளின் முனை செருப்பின் ரப்பரைத் துளைத்து உள்ளே ஒடிந்திருந்தது. அக்காவுக்கு அது குத்தியதே தெரியவில்லை. இடுக்கியைக் கொதிநீரில் போட்டெடுத்து, மேல்தோலில் நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பற்றி இழுத்தபோது அரை அங்குல முள் முழுதாக வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, பீட்டாடின் தடவிக் கட்டினேன். பிறகு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் காயத்தைப் பார்த்து, தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, சிவந்தாலோ வீங்கினாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அக்காவை உட்காரவைத்துப் பேசிய பொறுமைக்கு விலையே கிடையாது.

பகலில் வெளியே 37 பாகை என்று கைபேசி காட்டியது. வளவின் தரையில் பாயை விரித்துப் படுத்தோம். பருத்த சுவரும் உயர்ந்த கூரையும் முற்றத்து வழியாக மேலேறும் வெப்பமும் சேர்ந்து, மின்விசிறி இல்லாமலேயே அந்த இடம் தாங்கும்படி இருந்தது.

சமையல்கார அம்மாவின் வீட்டுக்காரர் இன்சுலின் போட்டுக்கொள்கிறாராம். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. இரண்டு மண்பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்து, உள்பானையில் மருந்தை மூடி வைத்திருக்கிறார். தண்ணீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. நீண்ட பயணம் போகிறவர்கள் இதே முறையில் வேலைசெய்யும் குளிர்பைகளை வாங்கிக்கொள்ளலாம். மருந்து நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. இதைச் செவிலியர் சொல்லித்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னபோது அவர் முகத்தில் நியாயமான பெருமை இருந்தது.

அவர் கையால் உண்டதை எழுதாமல் விட முடியாது. காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். ஆளுக்கு மூன்று போதும் என்றதும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். மதியம் அரிசி கழுவிய நீரில் புளி கரைத்துச் செய்த வெண்டைக்காய் மண்டி, தண்ணிக் குழம்பு, கீரை மசியல், மோர். செட்டிநாடு என்றாலே காரமும் எண்ணெயும் என்று வெளியூர்க் கடைகள் கற்பித்திருக்கின்றன. வீட்டுச் சமையலில் பருப்பும் காயும் புளித்தண்ணீரும்தான் மிகுதி, வயதான வயிற்றுக்கு அது இசைகிறது. இரவு கவுனி அரிசியும் கும்மாயமும் வந்தன. உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் மணக்கும் கும்மாயத்தைப் பார்த்து அக்கா என்னைப் பார்த்தார். சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஒரு தேக்கரண்டி சாப்பிடச் சொன்னேன். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதற்குத் தனிச் சலுகை இல்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்து அதைச் சுவைக்காமல் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு தாழ்வாரத்தில் இரண்டு பேரும் கூடுதலாகச் சில சுற்று நடந்தோம்.

மார்ச் 21, வெள்ளி – ஆத்தங்குடி, திருமயம்

காயம் நன்றாக இருந்தது; சிவப்போ வீக்கமோ இல்லை. மூடிய மென்செருப்பு போட்டு அக்காவை அழைத்துக்கொண்டு ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போனோம். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வார்ப்பின் இடைவெளிகளில் நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, வார்ப்பை எடுத்துவிட்டு, மேலே உலர் கலவையையும் சிமெண்டையும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்தப் பளபளப்பு. நான் கல்லைவிட அதைச் செய்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதைக் கடந்த மனிதர், குதிகால்கள் தரையில் முழுதாகப் பதிய, முதுகு நிமிர்ந்து, குந்திய நிலையிலேயே பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்து வேலை செய்தார். கையை ஊன்றாமல் எழுந்தார். நாற்காலிக்கும் மேற்கத்தியக் கழிப்பறைக்கும் மாறிய நாங்கள் இழந்துவிட்ட இடுப்பும் கணுக்காலும் அவரிடம் அப்படியே இருந்தன. என் தேய்ந்த மூட்டை இனி அவ்வளவு மடக்கக் கூடாது. ஆனால் மூட்டு நன்றாக இருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று சொல்லத் தோன்றியது.

திருமயத்தில் சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய கோட்டை பாறைமேல் நிற்கிறது. பதினொரு மணி வெயிலில் அந்தப் பாறையில் ஏறுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அடிவாரத்துக் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவித்துவிட்டு, மண்டபத்து நிழலில் நீர்மோர் குடித்தோம்; ஒரு தம்ளர் 15 ரூபாய், அக்காவுக்கு உப்பைக் குறைத்துப் போடச் சொன்னோம். கோட்டையைக் கீழிருந்தே பார்த்தோம். பன்னிரண்டரைக்கு உணவு இலையில் இருந்தது.

இரவு வண்டிக்குக் காத்திருக்கும்போது அக்கா குறிப்பேட்டில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதினார். மலையேறும் நாளில் கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாமா. ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய பாத உணர்ச்சிச் சோதனையை இப்போதே செய்துகொள்ளலாமா. மாத்திரைகளின் மூலப்பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதித் தருவாரா. நான்காவதாக, தை மாதம் குன்றக்குடிக்கு வந்து காவடி புறப்படுவதைப் பார்க்க அனுமதி உண்டா என்றும் எழுதினார். ஐந்தாவதாக என் முழங்காலைப் பற்றி ஒரு கேள்வியை நான் சேர்த்தேன், வண்டி வந்துவிட்டது.